கையளவில் ஒரு களம்

நுழையும்முன்

பெரியதைச் சிறியதாக்கிக் கையில் ஏந்திப் பார்க்கும் வேட்கை மாந்தர்க்குத் தொன்றுதொட்டு உண்டு. தேரைச் சிறுதேராகவும் வீட்டைச் சிற்றிலாகவும் செய்து மகிழ்ந்த அவ்வேட்கையே இன்று போர் விமானங்களையும் பீரங்கி வண்டிகளையும் அளவு பிறழாமல் சுருக்கி வடிக்கும் கலையாக வளர்ந்துள்ளது. சுருக்கும்போது எது குறையலாம், எது குறையக் கூடாது என்னும் வினாவை எழுப்புகிறது இப்பாடம்.

செரு தணிந்த மலை

திருத்தணி மலைக்கோயிலுக்கு ஏறும் படிகள் 365. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று அவ்வூரார் கணக்குச் சொல்வர். சூரபதுமனோடு பொருது வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் இது என்பது தலவரலாறு. செரு என்னும் சொல்லுக்குப் போர் என்பது பொருள். செருத்தணி என்னும் பெயரே திருத்தணி என மருவியது என்பர். கந்தசட்டி நாளில் பிற முருகன் தலங்களில் சூரசங்காரம் நடத்திக் காட்டப்படும். இங்கோ அப்போர்க்காட்சி இல்லை. மலர் சொரிந்து வழிபடுவதோடு விழா நிறைகிறது. ஆயினும் இவ்வூர் ஆறுபடைவீடுகளுள் ஒன்று. படை தங்கும் வீடு என்ற பெயரும் போர் ஓய்ந்த மலை என்ற பெயரும் ஓரூருக்கே வாய்த்திருக்கின்றன.

இக்காலப் படைக்கலங்களும் இவ்வூருக்குத் தொலைவில் இல்லை. மலைக்குத் தெற்கே, அரக்கோணத்தில், 1992 மார்ச்சு மாதம் முதல் இயங்கி வருகிறது ‘ராஜாளி’ என்னும் இந்தியக் கடற்படை விமானத்தளம். கடலில்லாத ஊரில் கடற்படைத் தளமா என வியப்போர் உண்டு. நெடுந்தொலைவு பறந்து கடலைக் கண்காணிக்கும் விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதையே இன்றியமையாதது. ‘டுபோலெவ் 142’ என்னும் உருசிய நாட்டு விமானம் 2017 வரை கால் நூற்றாண்டுக் காலம் இத்தளத்திலிருந்து பறந்தது. சிறகின் அகலம் 50 மீட்டர். நான்கு பொறிகள், ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சுழல்விசிறிகள். திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் மின்தொடர் வண்டி அரக்கோணத்தைக் கடந்து ஆவடி வழியாகச் செல்கிறது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் 1960களின் நடுவே ‘விஜயந்தா’ என்னும் பீரங்கி வண்டி உருவாகத் தொடங்கியது. பின்னாளில் ‘அர்ஜுன்’ பீரங்கி வண்டியை வடிவமைத்த ஆய்வு நிறுவனமும் அங்குத்தான் உள்ளது.

விமானம் வானில் ஒரு கோடாய் மறைந்துவிடும். பீரங்கி வண்டி மதிலுக்குள் நின்றுவிடும். இவற்றைச் சுற்றிவந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கும் பேறு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. மேசைமேல் வைத்த மாதிரியுரு அப்பேற்றைத் தருகிறது.

சிறுதேரிலிருந்து கொலுப்படி வரை

சங்கத் தமிழர் இவ்வேட்கையை அறிந்திருந்தனர். தச்சன் செய்து கொடுத்த சிறுகுதிரை வண்டியில் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் அதைக் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுவர் என்னும் உவமை குறுந்தொகையின் 61ஆம் பாடலில் இடம்பெறுகிறது. ஏறிச் செல்ல இயலாத வண்டியில் இன்பம் எங்கிருந்து வருகிறது? உண்மையான வண்டியை அது நினைவூட்டுவதிலிருந்து வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேர்ப் பருவமே.

நவராத்திரிக் கொலுவில் தெய்வ உருவங்களுக்குக் கீழே செட்டியார் கடையும் திருமண ஊர்வலமும் மட்டுமன்றிச் சீருடையணிந்த வாத்தியக் குழுவும் அணிவகுத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். கொலுவின் முன்னே சிறுவர் அமைக்கும் பூங்காவில் குன்றும் குளமும் இருப்புப்பாதையும் தோன்றும். முளைவிட்ட கேழ்வரகு புல்வெளியாகும். காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெருவில் களிமண்ணாலும் காகிதக்கூழாலும் உருச்செய்து, வெள்ளைப் பூச்சிட்டு, உலரவைத்து, வண்ணந் தீட்டி விற்போர் இன்றும் உள்ளனர்.

எனினும் கொலுப் பொம்மைக்கும் அளவு மாதிரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொலுவில் யானையைவிடப் பாகன் பெரியவனாக இருக்கலாம்; யாரும் குறை கூறார். அளவு மாதிரியில் ஒரு திருகாணி பெரிதானாலும் பிழை.

கணக்கின் ஆட்சி

போர்க்கலன் மாதிரிகளில் 1:72, 1:35 என்னும் இரு விகிதங்கள் பெருவழக்காயின. ஆறடியை ஓர் அங்குலமாகச் சுருக்கினால் 1:72 கிடைக்கும். ஆறடி உயர மனிதன் ஓர் அங்குலத்தில் நிற்பான். விமானங்களுக்கு இவ்வளவு ஏற்றது. 1:35 வந்த கதை சுவையானது. சப்பானின் சிசுவோக்கா நகரில் மர வணிகத்தில் தொடங்கிய டமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் செருமானியப் ‘பாந்தர்’ பீரங்கி வண்டியின் மாதிரியைச் செய்தது. உள்ளே மின்கலங்களும் சிறு மின்பொறியும் அடங்கவேண்டும் என்பதற்காக உடலின் அளவு முதலில் முடிவாயிற்று. அவ்வளவு 1:35 என்பது பின்னர்க் கணக்கிட்டு அறியப்பட்டது. மின்கலத்தின் பருமன் உலகெங்கும் ஒரு கலையின் அளவுகோலாகிவிட்டது!

அரக்கோணத்து டுபோலெவை 1:72 விகிதத்தில் செய்தால் சிறகின் அகலம் ஏறத்தாழ 69 செ.மீ. வரும், வீட்டு மேசையில் வேறெதற்கும் இடமிராது. 1965, 1971 போர்களில் புகழ்பெற்ற ‘நாட்’ என்னும் சிறு போர் விமானமோ அதே விகிதத்தில் 9 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட சிறகுடன் உள்ளங்கையில் அடங்கும். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் ஒன்றன் பேருருவும் மற்றதன் சிற்றுருவும் கண்ணுக்குப் புலப்படும். எண்களை மனப்பாடம் செய்தவர்க்கு இவ்வியப்பு வாய்ப்பதில்லை.

நீளம் 35இல் ஒரு பங்காகும்போது பரப்பு 1,225இல் ஒரு பங்காகிறது. கனஅளவு 42,875இல் ஒரு பங்காகிறது. ஏறத்தாழ 39 டன் எடையுள்ள விஜயந்தாவை 1:35 விகிதத்தில், அதே உலோகங்களால், உட்புறம் உள்ளபடியே செய்ய முடியுமாயின் அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். நிலம் அதிர வரும் ஓர் ஊர்தியை ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம்.

வண்ணமும் இக்கணக்கிற்குக் கட்டுப்பட்டதே. 0.1 மி.மீ. பருமனுள்ள பூச்சு 1:72 விகிதத்தில் 7 மி.மீ. பருமனுக்கு ஒப்பாகும், எந்த விமானத்திலும் அத்துணைத் தடித்த வண்ணம் இல்லை. ஆதலின் வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பல முறை மெல்லியதாகப் பூசவேண்டும். இன்னொன்றும் உண்டு. தொலைவிலுள்ள பொருள்கள் வெளிறித் தோன்றும். ஒரு முழத் தொலைவில் வைத்துப் பார்க்கும் சிறு மாதிரி, பல மீட்டர் தொலைவிலுள்ள பெரும்பொருளைப் போலத் தோன்றவேண்டும். எனவே மெய்யான வண்ணத்தைவிடச் சற்றே வெளிறிய வண்ணத்தைத் தேர்வதே உண்மைக்கு நெருக்கமானது. அப்படியே படியெடுத்தால் பொய்யாகத் தோன்றும் இடமும் உண்டு என்பதை இக்கலையில் பழகுவோர் விரைவில் உணர்கின்றனர்.

கைவேலை

பெட்டியைத் திறந்தால் நெகிழிச் சட்டங்களில் பாகங்கள் இணைந்திருக்கும். அவற்றைக் கையால் முறிக்காமல் வெட்டுக்கருவியால் நறுக்கி எடுக்கவேண்டும். எஞ்சிய பிசிரைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுமுன் ஒருமுறை பொருத்திப் பார்ப்பது நல்லது. இதற்கென விற்கும் பசை ஒட்டும் பசையன்று. நெகிழியின் மேற்பரப்பை இளகச்செய்து இரு பாகங்களையும் ஒன்றாக்கும் கரைப்பான். அதன் ஆவி தீங்கு தருமாதலால் காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யவேண்டும்.

அடுத்து அடிப்பூச்சு. கீறல்களும் இடைவெளிகளும் அப்போதுதான் தெரியவரும். தெரிந்தவற்றை மீண்டும் தேய்த்துச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். பிறகு தூரிகையாலோ காற்றழுத்தத்தால் தூவும் ஏர்பிரஷ் கருவியாலோ வண்ணமிடலாம். திருத்தணியின் கோடை இவ்வேலைக்குப் பகை. தமிழ்நாட்டின் கடும் வெயில் பதிவாகும் ஊர்களுள் ஒன்றான இங்கு, அக்கினி நட்சத்திர நாள்களில் நீர்வண்ணம் தூரிகை நுனியிலேயே உலர்ந்துவிடும். தூவிய வண்ணம் பரப்பைத் தொடுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகப் படியும். விடியற்காலையே தக்க பொழுது. மழைக்காலத்தில் வேறு தொல்லை: ஈரக்காற்றில் மெருகெண்ணெய் வெண்மையாகப் பூத்துவிடும்.

வண்ணம் உலர்ந்தபின் எண்களும் சின்னங்களும் வரும். நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படங்கள் அவை. பின்னர் நீர்த்த கருவண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடான விளிம்புகளில் ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் வெளிர்வண்ணம் தடவினால் ஒளியும் நிழலும் பிறக்கும். காஞ்சிபுரத்துப் பொம்மைக் கலைஞர் எல்லாம் முடிந்தபின் இறுதியிலேயே கண் திறப்பர். 5 செ.மீ. உயரமுள்ள வீரன் உருவத்தைத் தீட்டுவோர் பலர் கண்ணையே முதலில் முடித்துவிடுவர். ஒரு மி.மீ. அகலமும் இல்லாத கண். தவறினால் முகத்தை மட்டும் அழித்து மீண்டும் தொடங்கலாம் அல்லவா!

கடைசியில் மண். களத்தில் ஓடிய வண்டியில் மண் படியாமல் இராது. வாசலில் கிடக்கும் செம்மண்ணை அள்ளித் தூவிவிடலாமே என்று தோன்றும். அரை மி.மீ. மணற்பரல் 1:35 விகிதத்தில் நெல்லிக்காயளவு கல்லாகிவிடும். துணியில் சலித்த மாவு போன்ற தூளே ஏற்றது. அதனினும் பெரிய பிழை வேறொன்று. பஞ்சாபுச் சமவெளியில் போரிட்ட வண்டிக்குத் திருத்தணிச் செம்மண் ஒட்டாது. அங்குள்ளது ஆற்று வண்டல். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். வண்டி எந்த நாட்டில், எந்தப் பருவத்தில், எந்த ஆற்றங்கரையில் நின்றது என்று தேடாமல் அதன்மேல் ஒரு பிடி தூசியைக்கூடத் தூவ இயலாது.

தெரியுமா?

1942இல் அமெரிக்கக் கடற்படை, பகை விமானத்தையும் நட்பு விமானத்தையும் உருவத்தால் பிரித்தறியும் பயிற்சிக்காக 1:72 விகிதத்தில் ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களைக் கேட்டது. மரத்தில் செதுக்கிக் கருவண்ணம் பூசிய அம்மாதிரிகளில் வண்ண அழகுக்கு இடமில்லை. உருவம் பிழையின்றி அமைவதே வேண்டப்பட்டது.

சைபோர்ன் செய்த போர்க்களம்

மாதிரியுரு எந்த அளவுக்கு உண்மை பேசலாம் என்ற வினா ஒருவரின் வாழ்வையே அலைக்கழித்தது. வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி, 1815 சூன் 18 அன்று நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாக அமைக்கும் பணியை 1830இல் ஏற்றார். போர் நிகழ்ந்த இடத்திலிருந்த பண்ணைவீட்டில் எட்டு மாதங்கள் தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். மாலை ஏழு மணியளவில் உங்கள் படைப்பிரிவு எங்கு நின்றது, எதிரே யார் நின்றனர், அருகில் என்ன பயிர் விளைந்திருந்தது என்று போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்கு மடல் எழுதிக் கேட்டார். வந்து குவிந்த மறுமொழிகள் வரலாற்று ஆவணங்களாயின. இடையில் அரசு பணம் தருவதை நிறுத்திவிட்டது. கடன் வாங்கிப் பணியைத் தொடர்ந்தார். ஏறத்தாழ 75,000 சிற்றுருவங்கள் நின்ற அம்மாதிரி 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்தது. மக்கள் திரண்டு வந்து கண்டனர்.

ஆனால் வெற்றித் தளபதியான வெல்லிங்டனின் தரப்புக்கு அது உவக்கவில்லை. துணைக்கு வந்த பிரஷ்யப் படையினர் களத்தில் பெருந்தொகையினராய்க் காணப்பட்டனர். வெற்றியில் அவர்களுக்கு இத்துணைப் பங்கா என்பதே மனக்குறை. மடல்களும் அளவைகளும் காட்டியதைச் சைபோர்ன் வைத்திருந்தார். இறுதியில் அழுத்தத்திற்கு இணங்கிப் பிரஷ்ய உருவங்களுள் ஒரு பகுதியை அகற்றினார். செலவிட்ட பணம் அவர் வாழ்நாளில் திரும்பவில்லை. ஈயமும் தகரமும் கலந்து வார்த்த விரல்நுனி அளவு வீரர்கள் ஒரு பெருந்தளபதியின் புகழோடு மோதிய நிகழ்ச்சி அது. அம்மாதிரி இன்றும் இலண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

திருத்தணிக்கு அருகிலேயே ஒரு களம்

அத்தகைய வினாவை எழுப்பும் களம் ஒன்று தொண்டைமண்டலத்திலும் உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், கர்னல் பெய்லி தலைமையிலான ஆங்கிலக் கும்பினிப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். அதற்குச் சில நாள் முன்னர்க் கொசத்தலையாற்றின் வடகரையில் பெய்லி தங்கியபோது ஆற்றில் வெள்ளம் பெருகிவிட்டது. கடக்க இயலாமல் நாள்கள் வீணாயின. பின்னர்ப் பேரம்பாக்கத்தருகே ஒரு மோதல்; அதன்பின் புள்ளலூர். இப்பேரம்பாக்கம் இன்று திருத்தணியைப் போலவே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. புள்ளலூர் பழைய களமும்கூட. மகேந்திரவர்மப் பல்லவன் தன் பகைவரை அங்கு வென்றதைக் காசக்குடிச் செப்பேடு குறிக்கிறது.

சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் திப்பு இப்போரை ஓவியமாகத் தீட்டச் செய்தார். கும்பினிப் படையின் வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிப்பதும், காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதும் அதில் காணப்படும். மாதிரி அமைப்போர்க்கு அது விலைமதிப்பற்ற சான்று. சீருடை, தலைப்பாகை, குதிரையணி ஆகிய அனைத்தும் கிடைக்கின்றன. எனினும் அது வென்றவர் வரைவித்த படம். பெய்லியின் பக்கம் நின்று மடிந்தோருள் பெரும்பாலோர் ஆங்கிலேயர் அல்லர்; இம்மண்ணில் பிறந்த சிப்பாய்கள். ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் நிறைந்திருக்கும். சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே வருவர். சுவரோவியத்திலோ வரிசையாய் நிற்கும் ஒரே சாயலான முகங்களாக வருவர். மாதிரி செய்பவர் அவ்வாறு கடந்துவிட முடியாது. ஒவ்வொருவர்க்கும் ஒரு முகம் தீட்டியாக வேண்டும். காலில் செருப்பு இருந்ததா, தோளில் எத்தகைய பை தொங்கியது என்று தேடியாக வேண்டும். நூலில் ஒரு சொல்லாகக் கடந்துபோகும் ‘சிப்பாய்கள்’ தூரிகை முன்னால் ஒருவர் ஒருவராக வந்து நிற்கின்றனர்.

ஒரு வண்டியின் இரண்டு நிலைகள்

போர்க்கருவியைப் பொழுதுபோக்காக்குவது தகுமா என்னும் ஐயம் பெற்றோர்க்கு எழுவதுண்டு. அது புறந்தள்ளத்தக்க ஐயம் அன்று. புனைகதை எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘சிறு போர்கள்’ என்னும் பெயரில் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு நூல் எழுதினார். மேசைப்போரை ஆடிப் பார்ப்போர்க்கு மெய்ப்போரின் பேதைமை விளங்கும் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. பொம்மைகள் போரைத் தடுக்கவில்லை, தூண்டவுமில்லை. ஆனால் எவ்வாறு செய்கிறோம் என்பதில் வேறுபாடு இருக்கவே செய்கிறது. 1971ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு வண்டி இதனை விளக்கும்.

அவ்வாண்டு திசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரையில் நிகழ்ந்த பீரங்கி வண்டிப் போரில், பூனா குதிரைப்படையின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் ‘ஃபமகுஸ்தா’ என்று பெயரிடப்பட்ட செஞ்சூரியன் வண்டியைச் செலுத்தினார். வண்டி தாக்குண்டு தீப்பற்றியது. வெளியேறுமாறு ஆணை வந்தது. பீரங்கி இன்னும் சுடுகிறது என்று கூறி அவர் களத்திலேயே நின்றார். அடுத்த தாக்குதலில் உயிர்நீத்தார். அவருக்கு வயது 21. பரம்வீர் சக்கரம் அவருக்கு மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அவ்வண்டி அகமதுநகரில் கவசப் படையினரின் பயிற்சி மையத்தில் இன்றும் நிற்கிறது.

செஞ்சூரியனை 1:35 விகிதத்தில் செய்தால் உடற்பகுதி ஏறத்தாழ 22 செ.மீ. வரும். அதில் ஃபமகுஸ்தா என்று எழுதத் தொடங்கும்போதே முடிவொன்றை எடுத்தாக வேண்டும். திசம்பர் 16 காலையில் மெருகு குலையாமல் புறப்பட்ட வண்டியா? குண்டு துளைத்து, ஒருபுறம் கருகி நின்ற வண்டியா? முதலாவது கண்ணுக்கு இனியது, பரிசும் பெறக்கூடும். இரண்டாவதைச் செய்ய, எஃகு துளைபடும்போது விளிம்பு எப்பக்கம் மடியும், வெப்பத்தில் வண்ணம் எவ்வாறு உரியும் என்று நாள்கணக்கில் எண்ணிப் பார்க்கவேண்டும். அப்போது அந்த 22 செ.மீ. பெட்டிக்குள் இருந்த நால்வரை எண்ணாமல் இருப்பது அரிது. சிலர் மேற்கதவைத் திறந்தே வைத்து, அதில் உருவம் எதையும் நிறுத்தாமல் விட்டுவிடுகின்றனர்.

அயல்நாட்டுப் பெட்டிகளின் விலை மாணவர்க்கு எட்டாததாயின் அட்டையும் தீக்குச்சியும் குழாய்த்துண்டும் போதும். ஏர்ஃபிக்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் பெட்டிகள் சில, அண்மைக் காலத்தில் ‘இந்தியாவில் செய்தது’ என்னும் குறிப்புடன் உலகெங்கும் விற்கப்பட்டுள்ளன. எப்பொருளால் செய்தாலும் முதலில் வேண்டுவது அளவுகோலும் உருப்பெருக்காடியும். அடுத்து, இது இப்படித்தான் இருந்ததா என்று மீண்டும் ஒருமுறை கேட்கும் பழக்கம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள தேர், பாலம், இருப்பூர்தி நிலையம் ஆகியவற்றுள் ஒன்றை அளந்து, 1:72 விகிதத்தில் அதன் நீளம், அகலம், உயரம் என்ன என்று கணக்கிட்டு அட்டையில் மாதிரி அமைக்க.

2. புள்ளலூர்ப் போரைக் காட்சியாக அமைப்பதாயின் எந்தக் கணத்தைத் தேர்வீர்கள்? ஆற்று வெள்ளத்தின் முன் நின்ற படையா, வெடிமருந்து வண்டி வெடித்த நேரமா, போர் ஓய்ந்த மாலையா? காரணத்துடன் ஒரு பக்க அளவில் எழுதுக.

3. வெல்லிங்டனுக்கும் சைபோர்னுக்கும் இடையே நிகழ்ந்திருக்கக் கூடிய உரையாடலை எழுதி வகுப்பறையில் நடித்துக் காட்டுக.